வயல் எழுதிய நாட்காட்டி: பக்தபூர் நகரின் வாழ்வும் விழாக்களும்

பண்டிகையைப் பற்றி ஐந்து வரி எழுதச் சொன்னால் நம் மாணவர்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் எழுதுவார்கள். பண்டிகையின் பெயர், அது வரும் மாதம், புத்தாடை, பலகாரம், விடுமுறை. அதில் பிழை ஏதும் இல்லை. ஆனால், பெயரை மட்டும் மாற்றிவிட்டால் அதே ஐந்து வரிகள் எந்தப் பண்டிகைக்கும் பொருந்திவிடும். அந்த நாள் ஏன் அந்தப் பருவத்தில் வருகிறது, அன்று யார் யாரோடு சேர்ந்து என்ன செய்ய வேண்டியிருக்கிறது என்ற கேள்விகளுக்கு அந்த வரிகளில் இடமில்லை.

உயர்நிலை வகுப்புகளுக்குச் சமூக அறிவியல் நடத்தும் நான், இந்தக் கேள்விகளை மாணவர்களிடம் எழுப்புவதற்குச் சில ஆண்டுகளாக ஓர் ஊரை எடுத்துக்காட்டாகப் பயன்படுத்தி வருகிறேன். அது நேபாளத்தின் காத்மாண்டு பள்ளத்தாக்கில் உள்ள பக்தபூர். இருமுறை அங்கே சென்றிருக்கிறேன். ஒருமுறை சித்திரைப் பிறப்பை ஒட்டி, மற்றொருமுறை ஐப்பசி அறுவடையின்போது. வெளியூர்க்காரர்கள் அதைக் கோயில்களின் நகரம் என்கிறார்கள். அங்கே சில நாள் தங்கினால், அது முதலில் விவசாயிகளின் நகரம் என்பது புரியும். அந்த ஊரின் விழாக்களை வரிசையாகப் படித்தால் ஒரு நெல் சாகுபடியின் முழு ஆண்டும் கண்முன் விரியும். அந்த வரிசையை ஆசிரியர் நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஊரும் வயலும்

காத்மாண்டுவுக்குக் கிழக்கே சுமார் 13 கிலோமீட்டர் தொலைவில், ஹனுமந்தே ஆற்றின் வடகரை மேட்டில் பக்தபூர் அமைந்துள்ளது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரம். காத்மாண்டு பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் ஏரியாக இருந்தது. ஏரி வடிந்தபின் எஞ்சிய வண்டல்தான் அதன் வளமான விளைநிலம். பழைய நேவார் ஊர்கள் எல்லாவற்றிலும் ஒரு பொதுவான அமைப்பைக் காணலாம். நீர் எளிதில் ஏறாத மேட்டில் வீடுகளை நெருக்கமாகக் கட்டிக்கொண்டு, தாழ்ந்த நிலத்தை நெல்லுக்கு விட்டுவைத்தார்கள். மூன்று, நான்கு மாடிச் செங்கல் வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்பது அழகுக்காக ஏற்பட்டதன்று, நிலத்தைச் சேமிப்பதற்காக ஏற்பட்டது. அடுக்களை வீட்டின் உச்சி மாடியில் இருக்கும். முற்றங்களும் கோயில் சதுக்கங்களும் அறுவடைக் காலத்தில் நெற்களங்களாகிவிடும். நான் சென்ற ஐப்பசியில் தெருவெல்லாம் பாய் விரித்து நெல் காய்ந்துகொண்டிருந்தது. நடப்பவர்கள் ஓரமாக ஒதுங்கித்தான் போக வேண்டியிருந்தது.

பக்தபூரைத் தங்கள் மொழியில் ‘குவோப’ என்று அழைக்கும் நேவார் மக்கள் இப்பள்ளத்தாக்கின் தொன்மையான குடிகள். அவர்களின் தாய்மொழி நேபாள பாஷா. அது திபெத்திய-பர்மிய மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தது. நாட்டின் ஆட்சிமொழியான நேபாளியோ இந்தோ-ஆரிய மொழி. பெயர் ஒத்திருந்தாலும் இரண்டும் வேறு வேறு குடும்பங்கள் என்பதை மொழிப்பாட ஆசிரியர்கள் மாணவர்களுக்குச் சுட்டிக்காட்டலாம்.

நேவார் விவசாயிகளுக்கு ‘ஜ்யாபு’ என்று பெயர். ‘ஜ்யா’ என்றால் வேலை. இவர்கள் வழக்கமாக ஏர் பூட்டுவதில்லை. ‘கூ’ எனப்படும் குட்டைக் காம்புள்ள மண்வெட்டியால் வயல் முழுவதையும் கையாலேயே வெட்டிப் புரட்டுவார்கள். விளைச்சலை மூங்கில் காவடியின் இருபுறமும் கூடைகளில் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து வருவார்கள். பெண்கள் உடுத்தும் கறுப்புக் கைத்தறிச் சேலைக்குச் சிவப்புக் கரை உண்டு. அதற்கு ‘ஹாகு பட்டாசி’ என்று பெயர். நெல்லுக்குப் பின் கோதுமை, அதனோடு காய்கறி என்று நிலம் ஓய்வதே இல்லை.

பல தலைமுறைகளாக இவர்களில் பெரும்பாலோர் குத்தகைக்குப் பயிரிட்டவர்கள். நேபாளத்தின் 1964ஆம் ஆண்டு நிலச் சட்டம் குத்தகையாளருக்குப் பாதுகாப்பு அளித்தபோது, இந்த ஊரின் விவசாயக் குடும்பங்கள் பலவற்றின் நிலை மேம்பட்டது.

ஆண்டுப் பிறப்பு: இரு பக்கமும் இழுக்கப்படும் தேர்

நேபாளத்தின் அலுவல் நாட்காட்டியான பிக்ரம் சம்வத்தின் புத்தாண்டு ஏப்ரல் நடுவில் பிறக்கிறது. சூரியன் மேஷ ராசியில் நுழைவதைக் கணக்கிட்டு வருவதால், நம் சித்திரை முதல் நாளும் அவர்களின் பைசாக முதல் நாளும் ஒரே நாளிலோ ஒரு நாள் முன்பின்னாகவோ அமையும். நேவார் விழாக்களில் பெரும்பாலானவை திதியைப் பின்பற்றுபவை. பக்தபூரின் பெருவிழாவான ‘பிஸ்கா’ மட்டும் சூரியக் கணக்கைப் பின்பற்றுகிறது. வெளியில் இது ‘பிஸ்கெட் ஜாத்ரா’ என்று அறியப்படுகிறது. பெயரைக் கேட்டதும் வகுப்பில் ஒரு சிரிப்பு எழும். அந்தச் சிரிப்போடே பாடத்தைத் தொடங்கிவிடலாம்.

விழா ஒன்பது நாள் நடக்கிறது. பூபதீந்திர மல்லர் 1702ஆம் ஆண்டில் கட்டிய ஐந்தடுக்கு நியாதபோல கோயிலின் முன்னுள்ள தௌமடி சதுக்கத்தில் பைரவரின் மூன்றடுக்குத் தேர் நிற்கும். பத்ரகாளிக்குச் சிறிய தேர். பக்தபூரில் மேலூர், கீழூர் என்று இரு பகுதிகள் உண்டு. முதல் நாள் மாலை மேலூரார் ஒரு புறமும் கீழூரார் மறுபுறமும் வடம் பிடித்து, தேரைத் தங்கள் பக்கம் இழுப்பார்கள். எப்பக்கம் வெல்கிறதோ அப்பக்கத் தெருக்களுக்குத் தேர் முதலில் போகும். ஆண்டின் கடைசி நாளில் ஊரின் தென்புறத் திடலில் 20 மீட்டருக்கும் மேல் உயரமான மரக் கம்பம் நிறுத்தப்படும். அதிலிருந்து இரண்டு நீண்ட துணிக் கொடிகள் தொங்கும். புத்தாண்டு நாளின் மாலையில் அந்தக் கம்பத்தைச் சாய்ப்பதோடு புதிய ஆண்டு தொடங்குகிறது.

அந்த இரண்டு கொடிகளும் இரண்டு பாம்புகள் என்கிறது ஊர்க்கதை. ஓர் இளவரசியை மணந்தவர்கள் எல்லாம் முதல் இரவிலேயே இறந்துபோனார்கள். கடைசியாக வந்த இளவரசன் மட்டும் தூங்காமல் விழித்திருந்தான். உறங்கும் இளவரசியின் நாசியிலிருந்து நூல்போல் இரண்டு பாம்புகள் வெளிவந்து பெருத்தன. அவற்றை அவன் வெட்டினான். மறுநாள் ஊரார் பார்க்கும்படி அவற்றைக் கம்பத்தில் தொங்கவிட்டார்கள்.

வடம் இழுக்கும் போட்டியில் காயங்கள் உண்டு. சில ஆண்டுகளில் உயிரிழப்பும் நேர்ந்திருக்கிறது. இதை மாணவர்களிடம் மறைக்க வேண்டியதில்லை. ஒரே ஊருக்குள் இருக்கும் போட்டியை ஆண்டுக்கு ஒருமுறை, ஒரு விதிக்குள், எல்லோர் முன்னிலையிலும் நடத்தித் தீர்த்துக்கொள்ள ஒரு சமூகம் கண்ட வழி இது. அந்த வழிக்கு என்ன விலை, அதை எப்படிக் குறைப்பது என்பது உயர்நிலை வகுப்பில் நல்ல விவாதமாக அமையும்.

தண்ணீருக்கு ஒரு நாள்

வைகாசி, ஆனி மாதங்களில், மழைக்குச் சற்று முன், வளர்பிறைச் சஷ்டியன்று ‘சித்தி நக’ வருகிறது. அன்று வழிபடப்படுபவர் சிவனின் மகன் குமாரர். முருகனுக்குரிய சஷ்டித் திதியை நன்கறிந்த நம் மாணவர்களுக்கு இது உடனே பிடிபடும்.

வழிபாட்டோடு அன்றைய நாள் முடிவதில்லை. கிணறு, குளம், ‘ஹிட்டி’ ஆகிய நீர்நிலைகளைத் தூர்வாரிச் சுத்தம் செய்யும் நாளும் அதுவே. ஹிட்டி என்பது தரை மட்டத்துக்குக் கீழே படியிறங்கிப் போனால் கல்லில் செதுக்கிய வாய் வழியே தண்ணீர் கொட்டும் நீர்த்துறை. காத்மாண்டு பள்ளத்தாக்கில் இந்த மரபு 1,400 ஆண்டுகளுக்கும் மேல் பழமையானது. கோடையின் இறுதியில் நீர்மட்டம் மிகத் தாழ்ந்திருக்கும். அடிமட்டம் வரை இறங்கிச் சேற்றை அள்ள அதைவிட நல்ல நேரம் கிடையாது. இன்னும் சில நாளில் மழை வந்துவிட்டால் இறங்க முடியாது. நீர்நிலையில் வாழும் நாகங்கள் அன்று தம் குலதெய்வத்தை வணங்க வெளியே சென்றிருக்கும், அதனால் இறங்கலாம் என்பது நம்பிக்கை. அன்றைக்குரிய பலகாரம் ‘வோ’. உளுந்தையோ பாசிப்பயற்றையோ ஊறவைத்து அரைத்துத் தட்டில் வார்த்தெடுக்கும் அடை அது.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கிணற்றைச் சுத்தம் செய்வது யாருக்கும் பிடித்த வேலையன்று. ‘என்றைக்காவது செய்யலாம்’ என்று விட்டால் அது நடக்காது. எல்லோரும் ஒரே நாளில் செய்தாக வேண்டும் என்பதற்காக அந்த வேலைக்கு ஒரு திதியும் ஒரு தெய்வமும் ஒரு பலகாரமும் கிடைத்திருக்கின்றன.

நாற்று நட்ட பின்

ஆனி, ஆடியில் நடவு. அந்த வாரங்களில் ஊரே வயலில் இருக்கும். நடவு முடிந்ததைச் சொல்லும் நாள் ‘கதாமுக’. அது தேய்பிறைச் சதுர்த்தசியில் வருகிறது. நாணலாலும் வைக்கோலாலும் ஓர் அரக்கன் உருவத்தைச் செய்து, மாலையில் ஊருக்கு வெளியே கொண்டுபோய் அழித்துவிடுவார்கள். வீட்டு நிலைப்படியில் ஆணி அடிப்பதும் இரும்பு மோதிரம் அணிவதும் அன்றைய வழக்கம். நடவுக் காலம் முழுவதும் வயலிலிருந்து வீட்டுக்கு வந்த சேற்றையும், மழைக்காலத்து நோய் அச்சத்தையும் ஒரே நாளில் துடைத்து வெளியேற்றும் நாளாக இதைப் புரிந்துகொள்ளலாம். சிறுவர்கள் தெருமுனையில் நின்று வழிப்போக்கரிடம் காசு வாங்கி, அந்த உருவம் செய்யும் செலவுக்குச் சேர்ப்பார்கள். இசைப் பயிற்சிகள் தொடங்குவதும் இந்த நாளுக்குப் பிறகுதான்.

அடுத்து வரும் பௌர்ணமியில் எனக்கு மிகப் பிடித்த வழக்கம் ஒன்று உண்டு. ஆவணி அவிட்டம் வரும் அதே பௌர்ணமியை நேவார் மக்கள் ‘குன்ஹி புன்ஹி’ என்கிறார்கள். அன்று விவசாயிகள் வயலுக்குச் சென்று தவளைகளுக்குச் சோறு படைக்கிறார்கள். மழையை அழைப்பது தவளை என்பது நம்பிக்கை. பயிரைத் தின்னும் பூச்சியைத் தின்பது தவளை என்பது அறிவியல். இரண்டும் அந்த வயல் வரப்பில் ஒன்றாகிவிடுகின்றன. வீட்டிலோ ‘குவாதி’ கொதிக்கும். ஒன்பது வகைப் பயறுகளை ஊறவைத்து முளைகட்டிச் செய்யும் குழம்பு அது. நடவில் களைத்த உடம்புக்குப் புரதம் தேவைப்படும் நேரத்தில் அது இலையில் வருகிறது. உணவுச் சங்கிலி, சரிவிகித உணவு ஆகிய இரண்டு அறிவியல் பாடங்களுக்கு இந்த ஒரு பௌர்ணமியே போதும்.

துயரத்துக்கும் ஒரு நாள்

மறுநாள் ‘சாபாரு’. நேபாளியில் ‘காய் ஜாத்ரா’, அதாவது பசு ஊர்வலம். முந்தைய ஓராண்டுக்குள் யாரையேனும் இழந்த குடும்பங்கள் இதில் கலந்துகொள்கின்றன. இறந்தவரின் ஆன்மா மறுமைக்குச் செல்ல பசு வழிகாட்டும் என்பது நம்பிக்கை. காத்மாண்டுவில் பசுவையோ, பசுபோல் வேடமிட்ட சிறுவரையோ அழைத்துச் செல்வது வழக்கம். பக்தபூரில் மூங்கிலால் உயரமான சட்டகம் கட்டி, அதைத் துணியால் சுற்றி, இறந்தவரின் படத்தை மாட்டித் தோளில் சுமந்து வருகிறார்கள். இறந்தவர் பெண் என்றால் கறுப்புச் சேலை சுற்றுவார்கள். கூடவே இரண்டு வரிசையாக நின்று கோலோடு கோல் தட்டி ஆடும் ‘கிந்தாங் கிசி’ ஆட்டம் நடக்கும். சிரிப்பும் கேலி வேடங்களும் உண்டு. அழுகையும் ஆட்டமும் ஒரே தெருவில் செல்லும்.

இந்த விழாவுக்குச் சொல்லப்படும் கதை காத்மாண்டுவை ஆண்ட பிரதாப் மல்லரைப் பற்றியது. மகனை இழந்த அரசி எதனாலும் தேறவில்லை. அந்த ஆண்டில் மரணத்தைக் கண்ட எல்லாக் குடும்பங்களும் அரண்மனை முன் ஊர்வலமாக வரட்டும் என்று அரசர் ஆணையிட்டார். இத்தனை வீடுகளில் இழப்பு இருக்கிறதே என்று அரசி அன்று கண்டுகொண்டாள் என்பது கதை.

2015 ஏப்ரல் 25 அன்று 7.8 அளவில் நிலநடுக்கம் ஏற்பட்டது. அந்த ஆண்டின் பிஸ்கா முடிந்து சில நாள்களே ஆகியிருந்தன. பக்தபூரில் வீடுகள் சரிந்து பலர் இறந்தார்கள். 1934இன் பெரும் நிலநடுக்கத்தைத் தாங்கிய நியாதபோல கோயில் இம்முறையும் நின்றது. அதைச் சுற்றியிருந்த தெருக்கள் பல நிற்கவில்லை. நான்கு மாதம் கழித்து ஆகஸ்டில் சாபாரு வந்தபோது, மூங்கில் சட்டகங்களின் வரிசை என்றுமில்லாத அளவுக்கு நீண்டது. தற்காலிகக் கொட்டகைகளில் வசித்தவர்களும் அதில் நடந்தார்கள். அந்த ஊருக்கு அப்போது மனநல ஆலோசனையும் தேவைப்பட்டது, அரசின் உதவியும் தேவைப்பட்டது. ஆனால், இழப்பைச் சுமந்துகொண்டு தெருவில் நடக்கவும், தன்னைப் போலவே சுமப்பவர் எத்தனை பேர் என்று பார்க்கவும் ஒரு நாள் முன்பே நாட்காட்டியில் காத்திருந்தது.

பெற்றோரை இழந்த பிள்ளைகள் நம் வகுப்பறைகளில் எப்போதும் சிலர் இருக்கிறார்கள். சில நாள் விடுப்புக்குப் பின் அந்தப் பிள்ளை திரும்பி வரும்போது என்ன சொல்வது என்று நமக்கும் தெரிவதில்லை, சக மாணவர்களுக்கும் தெரிவதில்லை. சாபாருவைப் பற்றி நான் வகுப்பில் பேசுவதற்கு முக்கியமான காரணம் இதுதான்.

முளையும் அறுவடையும்

புரட்டாசி, ஐப்பசியில் வரும் நவராத்திரிக்கு நேவார் மொழியில் ‘மோகனி’ என்று பெயர். முதல் நாள் வீட்டின் பூசையறையில் வெளிச்சம் படாமல் மணலில் பார்லி விதைப்பார்கள். ஒன்பது நாளில் வெளிர் மஞ்சளாக முளை உயரும். முளைப்பாரி எடுக்கும் ஊர்களில் பணிபுரியும் ஆசிரியர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஊரைச் சுற்றிலும் தாய்த்தெய்வங்களின் கோயில்கள் உள்ளன. நாளுக்கு ஒன்றாக விடியற்காலையில் மக்கள் அங்கே செல்வார்கள். ஒன்பது நாளில் ஊரின் எல்லை முழுவதும் காலால் நடந்து அறியப்பட்டுவிடும். புவியியல் பாடத்தில் ஊர் வரைபடம் வரையச் சொல்கிறோமே, அதற்கு இதைவிட நல்ல முன்பயிற்சி எது?

மோகனியின் முடிவில் நவதுர்க்கை ஆட்டம் தொடங்குகிறது. ஓவியக் குடும்பத்தினர் ஆண்டுதோறும் புதிதாக முகமூடிகள் செய்து தருவார்கள். பூந்தோட்டத் தொழில் மரபுடைய ‘காதா’ சமூகத்தினர் அவற்றை அணிந்து தெருத்தெருவாகவும் சுற்றுப்புற ஊர்களிலும் மாதக்கணக்கில் ஆடுவார்கள். மழைக்காலத் தொடக்கத்தில் அந்த முகமூடிகளுக்கு ஈமச்சடங்கு செய்து எரித்துவிடுவார்கள். நெல் வளரும் மாதங்களில் தெய்வங்கள் ஊருக்குள் இல்லை. விளைச்சல் கண்ட பின் மீண்டும் பிறந்து வருகிறார்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் அறுவடையும் தீபாவளியும் சேர்ந்து வருகின்றன. அப்போதுதான் நேவார் மக்களின் சொந்த ஆண்டான நேபாள சம்வத் பிறக்கிறது. அது கி.பி. 879இல் தொடங்கிய ஆண்டுமுறை. ஆற்று மணல் பொன்னாக மாற, அதைக் கொண்டு சங்கதர் சாக்வா என்ற வணிகர் மக்களின் கடன்களையெல்லாம் அடைத்தார் என்றும், அந்த நினைவாகவே இந்த ஆண்டு தொடங்கிற்று என்றும் சொல்கிறார்கள். அரசனின் வெற்றியையோ முடிசூட்டையோ குறிக்கும் ஆண்டுமுறைகளைத்தான் வரலாற்றுப் பாடத்தில் அதிகம் பார்க்கிறோம். மக்களின் கடன் தீர்ந்ததைக் கொண்டாடும் கதை ஓர் ஆண்டுமுறையோடு சேர்ந்திருப்பது அரிது. 2008இல் நேபாள அரசு இதைத் தேசிய ஆண்டாக ஏற்றது. புத்தாண்டு இரவில் ‘ம்ஹ பூஜை’ நடக்கும். குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் தரையில் ஒரு மண்டலக் கோலம் இட்டு, அவரவர் உடலையும் உயிரையும் வணங்குவார்கள். கைக்குழந்தைக்கும் ஒரு கோலம், பாட்டிக்கும் ஒரு கோலம்.

மார்கழிப் பௌர்ணமியில் ‘யோமரி புன்ஹி’. புதுநெல் அரிசி மாவில் கூம்பாகச் சொப்பு செய்து, உள்ளே வெல்லப்பாகும் எள்ளும் வைத்து ஆவியில் வேகவைப்பார்கள். சுருக்கமாகச் சொன்னால், வால் வைத்த பூரணக் கொழுக்கட்டை. நெற்குதிருக்குள்ளும் சில யோமரிகளை வைத்துச் சில நாள் கழித்து எடுப்பார்கள். பிள்ளைகள் வீடு வீடாகப் போய்ப் பாட்டுப் பாடி யோமரி கேட்பார்கள். தை முதல் நாள், நமக்குப் பொங்கல் பிறக்கும் அதே சங்கராந்தியில், அவர்கள் நெய்யும் வெல்லமும் எள்ளும் உண்பார்கள். பெரியவர்கள் சின்னவர்களின் தலையில் எண்ணெய் வைப்பார்கள். மலைக்குளிருக்கு உடல் கேட்கும் உணவு அது.

கற்பிப்பவர் யார்?

இத்தனை வேலைகளையும் யார் நினைவில் வைத்து நடத்துகிறார்கள்? விடை ‘குத்தி’ என்ற அமைப்பு. ‘கோஷ்டி’ என்ற வடசொல்லிலிருந்து வந்த பெயர். ஒரு கோயில் விளக்கு, ஒரு விழா, ஒரு இசைக்குழு, ஈமச்சடங்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குத்தி இருக்கும். பலவற்றுக்குக் கொடையாக வந்த நிலம் இருந்தது. அதன் விளைச்சலில் செலவு நடந்தது. உறுப்பினர்கள் முறை வைத்துப் பொறுப்பேற்பார்கள். ஒருவர் வீட்டில் மரணம் நேர்ந்தால் பாடை கட்டுவது முதல் சுடுகாடு வரை குத்திக்காரர்களே பார்த்துக்கொள்வார்கள். ஆண்டு விருந்தில் அவல், வறுத்த சோயா, இஞ்சி ஆகியவற்றோடு வரவுசெலவும் பரிமாறப்படும்.

ஜ்யாபுகளின் பெருமை ‘திமே’ என்னும் பெரிய உருளை மேளம். அதைக் கற்கப் பிள்ளைகள் குழுவாகச் சேர்க்கப்படுகிறார்கள். இசையின் தெய்வம் நாசத்யோ. அவருக்கு உருவம் கிடையாது. சுவரில் உள்ள துளையே அவர் சின்னம். அவர் நேர்கோட்டில்தான் செல்வாராம். அதற்காக வழியில் இருக்கும் கட்டடச் சுவரில்கூட ஒரு துளை விட்டுவைப்பார்கள். நாசத்யோவை வணங்கித் தொடங்கும் பயிற்சி முடியும்வரை பிள்ளைகள் வெளியார் முன் வாசிப்பதில்லை. முடிந்ததும் ஊர் கூடி அரங்கேற்றம். ஆண்கள் மட்டுமே வாசித்துவந்த திமேயை இன்று பெண்களும் சிறுமிகளும் இடுப்பில் கட்டி வாசிக்கிறார்கள்.

மறைக்கக் கூடாத பக்கம்

ஒரு பழைய ஊரைப் பற்றிப் பேசும்போது இனிமையானதை மட்டும் பொறுக்கிச் சொல்வது எளிது. நேவார் சமூகம் சாதி அடுக்குகளால் ஆனது. விழாவில் யார் ஆடுவது, யார் முகமூடி செய்வது என்பது பிறப்பால் பிரிக்கப்பட்டது. துப்புரவுப் பணி சுமத்தப்பட்டவர்கள் ஊர் எல்லைக்கு வெளியே வாழ வைக்கப்பட்டார்கள். நேபாளத்தில் 1963இல் வந்த புதிய சட்டத் தொகுப்பு சாதிப் பாகுபாட்டுக்கு இருந்த சட்ட ஆதரவை நீக்கியது. பழக்கத்திலிருந்து அது நீங்க இன்னும் நாள் எடுக்கிறது. ‘எல்லோரும் சேர்ந்து கொண்டாடினார்கள்’ என்று ஒரு பாடம் சொன்னால், அந்த ‘எல்லோரும்’ யார் என்று கேட்க மாணவரைப் பழக்க வேண்டும். இந்தக் கேள்வி பக்தபூருக்கு மட்டும் உரியதன்று.

மொழியின் நிலையையும் சொல்ல வேண்டும். ராணாக்களின் ஆட்சியில் நேபாள பாஷா எழுத்தாளர்கள் சிறையில் அடைக்கப்பட்டார்கள். இன்று 8 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அம்மொழியைத் தாய்மொழியாகக் கொண்டிருந்தும், யுனெஸ்கோ அதை அழியும் ஆபத்திலுள்ள மொழிகளின் பட்டியலில் வைத்திருக்கிறது. 2015இன் அரசமைப்பு தாய்மொழியில் கல்வி பெறும் உரிமையை வழங்கியுள்ளது. யோமரிப் பாட்டை மட்டும் தாய்மொழியில் பாடிவிட்டு மற்றதையெல்லாம் வேறு மொழியில் பேசும் தலைமுறைக்கு அந்த உரிமை எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பது அங்குள்ள ஆசிரியர்களின் கவலை.

அதைவிடப் பெரிய மாற்றம் நிலத்தில் நடக்கிறது. மேட்டில் நெருங்கி வாழ்ந்த ஊர் இப்போது தாழ்ந்த வயல்களில் பரவுகிறது. நெல் விளைந்த நிலங்களில் கான்கிரீட் வீடுகள் எழுகின்றன. செங்கல் சூளைகள் மேல்மண்ணை வெட்டி எடுக்கின்றன. இளையோர் பலர் வேலைக்காக வெளிநாடு செல்கிறார்கள். தேர் இன்றும் இழுக்கப்படுகிறது. கூட்டம் முன்பைவிட அதிகம். ஆனால், தவளைக்குச் சோறு வைக்க வேண்டுமானால் வயல் வேண்டும், அதில் தவளை வேண்டும். சித்தி நகவில் தூர்வார வேண்டுமானால் கிணற்றில் நீர் ஊற வேண்டும். வேலை போய்விட்ட பின்னும் விழா பல தலைமுறை உயிரோடிருக்கும். அப்போது அது எதற்காகத் தொடங்கியது என்று பிள்ளைகளுக்குச் சொல்ல ஆள் தேவைப்படும். அந்த ஆள் பெரும்பாலும் ஆசிரியராகத்தான் இருப்பார்.

வகுப்பறைக்கு நான்கு கேள்விகள்

பக்தபூரின் விழாக்களை வரிசைப்படுத்திய பின், மாணவர்களிடம் ஒரு பெரிய வட்டம் வரையச் சொல்கிறேன். வட்டத்தைப் பன்னிரண்டு மாதங்களாகப் பிரிப்பார்கள். உள்வட்டத்தில் வயல்வேலை, வெளிவட்டத்தில் விழா. இரண்டும் பொருந்தும் இடங்களை அவர்களே கண்டுபிடிப்பார்கள். தொடக்கநிலை வகுப்புகளில் இதையே படங்களாகச் செய்யலாம்: தவளை, கிணறு, முளை, கொழுக்கட்டை.

அடுத்து, தங்கள் ஊரில் நடக்கும் ஒரு விழாவைத் தேர்ந்தெடுத்து வீட்டுப் பெரியவர்களிடம் நான்கு கேள்விகளைக் கேட்டுவரச் சொல்கிறேன். இந்த விழாவுக்கு முன் எந்த வேலை முடிந்திருக்கும், பின் எது தொடங்கும்? இதில் தண்ணீரோ மண்ணோ வேறு உயிர்களோ எங்கே வருகின்றன? யார் யாருக்கு என்ன பொறுப்பு, யாருக்கு இடம் இல்லை? இதைச் செய்யச் சின்னவர்களுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்?

விடைகள் ஒரே மாதிரி வருவதில்லை. சில பிள்ளைகள் பெரியவர்களுக்கும் காரணம் தெரியவில்லை என்று எழுதிவருவார்கள். அதையும் முழு விடையாகவே ஏற்கிறேன். சென்ற ஆண்டு ஒரு மாணவி மூன்றாம் கேள்விக்கு மட்டும் இரண்டு பக்கம் எழுதி வந்தாள். அதை வகுப்பில் படிக்கச் சொல்லலாமா என்று அவளிடமே கேட்டேன், படித்தாள். அன்று மணி அடித்த பிறகும் வகுப்பில் பேச்சு நிற்கவில்லை.